கறுப்பைத் தொடாதவள்

வலிக்கு நான்கு நிறம் உண்டு என்று நான் கற்றுக்கொண்டது முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வயிற்றை அறுத்துத் தைப்பதற்கு முந்தின நாள். அதுவரை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கம் எந்தப் பெண்ணிடம் டாக்டர் "கர்ப்பப்பையை எடுக்க வேண்டும்" என்று சொன்னாலும் அவள் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். "ரொம்ப வலிக்குமா டீச்சர்?" என்று கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள், துணைக்கு வந்தவள் தன் ஓரகத்தியின் தங்கைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். காப்பி ஆறிப்போகிறது, கேள்வி அப்படியே நிற்கிறது. பேசி முடிக்க விடமாட்டார்கள் என்பதால் எழுதி முடிக்கிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கட்டடம் இப்போது இல்லை, அந்த டாக்டரும் நாட்டில் இல்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஊரே சுதந்திரமாக இருந்தது, நான் மட்டும் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். மாதத்தில் சில நாள் என்றிருந்த ரத்தப்போக்கு, மாதத்தில் சில நாள்தான் நிற்கும் என்றாகிவிட்டது. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி, பலகை மேலேயே சாய்ந்துவிட்டேன். எழுந்தபோது கன்னமெல்லாம் சாக்பீஸ் தூள். பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்கே பட்டது.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். நல்ல உயரம், பேச்சில் அவசரம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், உள்ளேயும் பார்த்தார். அந்தச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் முடிந்துவிடும். பிறகு ஒரு தாளில் பப்பாளிக்காய் மாதிரி ஒன்றை வரைந்து, அதற்குள் உருண்டை உருண்டையாகப் போட்டார். அந்தக் காய்தான் கர்ப்பப்பை. உருண்டைகள் சதைக்கட்டிகள். புற்றுநோய் இல்லை, ஆனால் ரத்தத்தை வடித்துக்கொண்டே இருக்கும். கட்டியை மட்டும் கிள்ளி எடுக்க முடியாது, பையோடு எடுக்க வேண்டும் என்றார்.

எனக்குப் பிள்ளை இல்லை. இனிமேலும் இல்லை என்பதைப் பப்பாளிப் படம் போட்டுச் சொல்லிவிட்டார். என் கணவர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் துணி அளக்கிறவர், சாதுவான மனிதர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து வெள்ளைச் சேலைக்கு வந்தவர், எங்களோடுதான் இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். வாய் நீளம்.

"இத்தன வருஷம் அந்தப் பை இருந்து என்னத்த கிழிச்சுது?" என்றார் மதினி. "எடுத்துப் போடச் சொல்லு. எனக்கு ஆளு வேணும், பை வேணாம்."

அதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். அதைவிட நல்லதாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

மருத்துவமனையில் பாதி நோய் காத்திருப்பதிலேயே தீர்ந்துவிடும், அல்லது ஆள் தீர்ந்துவிடும். ரத்தம் எடுக்க ஒரு பெஞ்சு, சிறுநீர் கொடுக்க ஒரு பெஞ்சு, பெயர் கூப்பிட ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சுகளில் என் பக்கத்திலேயே நகர்ந்து நகர்ந்து வந்தவள் காமாட்சி. என்னைவிட இளையவள். மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங்கும் கெபாயாவும் கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் தாலி போட்டிருந்தாள். மலாக்காச் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழ் வம்சம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் அவள் வீடு. மாரியம்மன் கோயிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் வராது, அவர்கள் பேசும் மலாயை நாங்கள் மதிப்பதில்லை. ஒரே சாமியைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

பெஞ்சில் வேறு வழியில்லை, பேசினோம். அவளுக்கும் அதே ஆபரேஷன். மூன்று பிள்ளைகள். கணவன் லாரி ஓட்டுகிறான், செகாமாட் பக்கம் சரக்கு ஏற்றிப் போவான். அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். அந்த ரோட்டில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து வந்து லாரியை மறித்து எரிக்கிறார்கள் என்று பேப்பரில் வரும். "அவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை நான் தலைக்குக்கூட எண்ணெய் வைக்க மாட்டேன், காக்" என்று அவள் மலாயில் சொன்னாள். காக் என்றால் அக்கா. அவள் சொன்னதையெல்லாம் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

வார்டில் எங்களுக்கு அடுத்தடுத்த கட்டில். மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து சாயம் போய், வராந்தாவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஆபரேஷனுக்கு முன்பு எனிமா கொடுப்பார்கள். குடலைக் கழுவும் வேலை அது. மானத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. அடுத்து நகையைக் கழற்றச் சொன்னார்கள். தாலியையும் கழற்ற வேண்டும் என்றார் ரோஸ்லின் மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவர் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண், வேதக்காரர், கஞ்சி போட்ட உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாது.

நானும் காமாட்சியும் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். பாஷை வேறானாலும் பிடி ஒன்றுதான். கடைசியில் மிஸ்ஸியே இறங்கி வந்தார். தாலியைக் கழற்றி, மணிக்கட்டில் வைத்து, கட்டுத்துணியைச் சுற்றி ஒட்டிவிட்டார். "டாக்டர் கேட்டா மணிக்கட்டு சுளுக்குன்னு சொல்லுங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டாக்டர் அன்று சாயங்காலம் ஒரு பலகையோடு வந்தார். அவர் இடத்துக்கு நம் நாட்டு டாக்டர் ஒருவர் வரப்போவதாகப் பேச்சு. ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் ஓர் ஆராய்ச்சியை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். வயிற்றில் ஆபரேஷன் செய்த பெண்களுக்கு முதல் சில நாட்களில் எவ்வளவு வலிக்கிறது என்று அளக்க வேண்டும். காய்ச்சலை அளக்கக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. வலியை அளக்க ஒன்றுமில்லை, நோயாளி சொல்ல வேண்டும். அந்த வார்டிலோ மலாய், சீனம், தமிழ், போர்த்துகீசியம் என்று ஆளுக்கொரு பாஷை. மொழிபெயர்ப்பவர்களை நம்பி அவருக்கு அலுத்துவிட்டது. ஆகவே பாஷையே வேண்டாம், நிறம் போதும் என்று முடிவு செய்திருந்தார். யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனம்தான்.

பலகையில் நான்கு சதுரக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. வெள்ளை என்றால் வலி இல்லை. மஞ்சள் என்றால் கொஞ்சம், ஒன்றும் தர மாட்டார்கள். பச்சை என்றால் நடுத்தரம், மாத்திரை தருவார்கள். கறுப்பு என்றால் தாங்க முடியாத வலி. கறுப்பைத் தொட்டால் மார்ஃபின் ஊசி போட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பிக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஏனென்றால் தையலுக்குள் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் சொல்வது வலிதான். நோயாளி தன் விரலாலேயே தொட வேண்டும். யோசிக்கக் கூடாது, யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். சிவப்பு ஏன் இல்லை என்று கேட்டேன். சிவப்பைக் கண்டால் ரத்தம் என்று பெண்கள் பயந்துவிடுவார்கள் என்றார். பெண்களுக்கு எது பயம் என்று அந்த அளவுக்கு யோசித்து வைத்திருந்தார்.

ஆபரேஷன் ஒன்றும் தெரியாது. மூக்கில் ஈதர் வைத்தார்கள், இனிப்பாக ஒரு நாற்றம், அவ்வளவுதான். விழித்த பிறகுதான் எல்லாம். வயிற்றுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அணைக்க மறந்து போன மாதிரி இருந்தது. தண்ணீர் தர மாட்டார்கள், நனைத்த பஞ்சை உதட்டில் தடவுவார்கள். இருமல் வந்தால் உயிர் போய்த் திரும்பும். தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு இருமச் சொல்வார்கள். வாயு பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதன் பிறகுதான் கஞ்சி. படித்த பெண்கள் அதற்காக ஏங்கிக் கிடப்பதை அங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் பலகை என் கட்டிலுக்கு வந்தது. ஒரு பக்கம் கணவர், மறு பக்கம் மதினி. எனக்கு இருந்த வலிக்குக் கறுப்பு போதாது. கை எழுந்து அந்தப் பக்கம் போனது. மதினி லேசாக இருமினார்.

அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. தினம் தினம் கரும்பலகையைத் தொட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் இது வேறு. உன் நிலைமை என்ன என்று கேட்கிறார்கள். தாலியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கிடக்கிற சுமங்கலி, பக்கத்திலேயே புருஷன் நிற்கும்போது, என் நிலைமை கறுப்பு என்று விரலை வைப்பதா? வெள்ளை அதைவிட மோசம், மதினியின் சேலை கண் முன்னாலேயே இருந்தது. மிச்சம் இரண்டு. பச்சையையாவது தொட்டிருக்கலாம். உயிர் போகும் நேரத்தில் விரல் யோசிப்பதில்லை, பழகின இடத்துக்குப் போய்விடுகிறது. மஞ்சளைத் தொட்டேன். "நல்லது" என்று மிஸ்ஸி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு என்னைப் படைத்தவனையும் விடவில்லை, பலகையைப் படைத்தவனையும் விடவில்லை. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

அடுத்த கட்டிலில் காமாட்சியும் மஞ்சள்தான். எதிர் வரிசையில் ஒரு தோட்டத்துப் பெண், அவளும் மஞ்சள். காலையில் பெரிய டாக்டர் ஒரு சின்ன டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தார். "பார்த்தாயா, இந்தியப் பெண்களுக்கு வலி குறைவாகத்தான் இருக்கிறது. ஊசியே தேவைப்படுவதில்லை" என்று என் கால்மாட்டில் நின்று இங்கிலீஷில் சொன்னார். ஒரு பூனையைப் பற்றிப் பேசும்போதுகூட அது கேட்கிறதா என்று திரும்பிப் பார்ப்போம். அவர் பார்க்கவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மிச்சமிருந்ததே கொஞ்சம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்களுக்குக் கறுப்பு கெட்ட நிறம். கணவன் உயிரோடு இருக்கும் பெண், உடம்பு முடியாமல் கிடக்கும்போது அதைத் தொட மாட்டாள். என் கணவர் வேலை செய்யும் கடையில் கல்யாணத் துணி எடுக்க வருகிறவர்கள் முன்னால் கறுப்புத் துணியைப் பிரித்தால் முதலாளி திட்டுவார். மஞ்சள் எங்களுக்குச் சுபம், அதனால் எல்லாரும் அதையே தொடுகிறோம். அது வலியின் அளவு இல்லை.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பலகையில் பார்த்தாயிற்று. இப்போது நிறத்தை மாற்றினால் இதுவரை செய்தது எல்லாம் வீண். நீங்கள் தயவுசெய்து மற்ற நோயாளிகளிடம் இதைப் பேசாதீர்கள். அளவு கெட்டுவிடும்." போகும்போது மிஸ்ஸியிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் காமாட்சிக்கும் நடுவில் ஒரு துணித் தட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்றிலிருந்து நான் பச்சையைத் தொட்டேன். கறுப்புக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. மாத்திரை கிடைத்தது, அடுப்பில் கொஞ்சம் சாம்பல் விழுந்தது. என் கணவர் கடையிலிருந்து நேராக வந்து, தலையணையை எந்தப் பக்கம் வைத்தால் எனக்கு நோகாது என்று வைத்து வைத்துப் பார்ப்பார். துணி மடிக்கிற கை அது. என் போர்வையைக் கடையில் மடிக்கிற மாதிரி விளிம்பு சேர்த்து மடித்துவிட்டுப் போவார். மூன்றாம் வகுப்பு வார்டில் அப்படி மடித்த போர்வை வேறு யாருக்கும் இல்லை. செலவைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. அவர் கையில் கடிகாரம் இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் காமாட்சி தேறவில்லை. எனக்கு வலி ஒவ்வொரு நாளாக இறங்கியது, அவளுக்கு ஏறியது. முனகலில் அது தெரிந்தது. காய்ச்சல் வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாருக்கும் கொஞ்சம் காய்ச்சல் வரும் என்று மிஸ்ஸி சொன்னார். டாக்டர் காலையில் வந்து, மஞ்சள் மஞ்சள் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கட்டை யாரும் பிரிக்கவில்லை.

"காமாட்சி, கறுப்பைத் தொடு" என்று தட்டி வழியாகச் சொன்னேன். பேசக் கூடாது என்றால் பேசாமல் இருக்க நான் என்ன பலகையா?

"முடியாது, காக். லாக்கி ரோட்டில் இருக்கிறார்." லாக்கி என்றால் புருஷன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "தாப்பா லா." பரவாயில்லை என்று அர்த்தம். அந்த வார்த்தையை அவ்வளவு மோசமான குரலில் நான் கேட்டதில்லை.

மதினி அன்று சாயங்காலம் கஞ்சித் தூக்கோடு வந்தார். என் வாயில் இரண்டு கரண்டி போனதும் தட்டிக்கு அப்பால் ஒரு சத்தம். மதினி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் தட்டியின் ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். காமாட்சி துண்டை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நிறமே இல்லை. மதினி அவள் வயிற்றில் புறங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"கல்லாட்டம் இருக்குடி சரசு" என்றார் என்னிடம். மதினியின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான். "இது செத்துரும்."

பலகையும் அதே நேரத்தில் வந்தது. ரோஸ்லின் மிஸ்ஸி அதைக் காமாட்சியின் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் கத்தினேன், கறுப்பை எழுதுங்கள் மிஸ்ஸி, உங்களுக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும் டீச்சர். அவங்க தொடணும். டாக்டர் ஆர்டர்."

எனக்கு இருமிக் காட்டிய மதினி, பலகையைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளங்கையை அப்படியே கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

"இந்தா, நான் தொடுறேன். எனக்குப் போக வேண்டியது எப்பவோ போயாச்சு. இனிமே கறுப்பு என்னை என்ன பண்ணும்? இவளுக்கு, இந்த சரசுக்கு, அந்த எதிர்க் கட்டிலுக்கு, எல்லாத்துக்கும் சேத்து நானே தொடுறேன். எழுதிக்க மிஸ்ஸி."

எனக்கு அந்தக் கணத்தில் மதினியின் காலில் விழத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் அந்த வெள்ளைச் சேலையை நல்ல காரியங்களுக்கு முன்னால் வராதே என்று ஒதுக்கி வைத்தோம். அன்று அதுதான் முன்னால் நின்றது.

மிஸ்ஸியின் கண் கலங்கிவிட்டது. ஆனால் பென்சில் அசையவில்லை. "வேற ஆள் தொட்டா செல்லாது அம்மா. பேஷண்ட் விரல்தான். நான் கறுப்புன்னு எழுதி, டாக்டர் கிளப்புலருந்து வந்து கேட்டு, இவங்க மறுபடி மஞ்சளைக் காட்டினா எனக்கு வேலை போயிரும். இந்த ஆராய்ச்சில அவரு ரொம்ப கண்டிப்பு."

மதினி காமாட்சியின் கையைப் பிடித்துத் தூக்கினார். தாலி சுற்றிய அதே கை. "அம்மா தாயே, ஒரு விரலு. உன் புருஷனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தமிழில் சொன்னார். காமாட்சிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று தெரிந்திருக்கும். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மதினி மெதுவாக விரித்தார், அவள் மறுபடி மடக்கினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு அவளே கையை உருவிக்கொண்டு, பலகையில் துழாவி, மஞ்சளைத் தொட்டாள்.

மிஸ்ஸி எழுதினார். எழுதிவிட்டு இரண்டு மாத்திரைகளை யாருக்கும் தெரியாமல் காமாட்சியின் வாயில் போட்டார். மஞ்சளுக்கு மாத்திரை கிடையாது. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

விடியும்போது தட்டிக்கு அப்பால் சத்தம் நின்றிருந்தது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது, தூங்கிவிட்டாள் என்று. உள்ளே தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் குடலில் ஓட்டை விழுந்து, வயிறு முழுக்கச் சீழ் என்று பிறகு சொன்னார்கள். முதல் நாளே பிரித்துப் பார்த்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். ஒருவேளைதான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மத்தியானம் அவள் கணவன் வந்தான். லாரியை வெளியே நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறை பட்ட சட்டையோடு, கையில் ஒரு குலை ரம்புத்தானோடு வந்தான். அவளைப் பார்க்க வந்தவன், விஷயம் தெரியாது. வாசலில் சொன்னார்கள் போலிருக்கிறது. கட்டிலருகே வந்து நின்றபோதும் பழத்தைக் கீழே வைக்கவில்லை. கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள்.

பெரிய டாக்டரே வந்தார். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

மிஸ்ஸி அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவன் தோளில் கை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். "இல்லை. கடைசி வரைக்கும் லேசான வலிதான். எல்லாம் மஞ்சள்."

மிஸ்ஸி அதை மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவன் முகம் தெளிந்தது. நல்லவேளை, வலியில்லாமல் போனாள் என்று சொல்லி அழுதான். டாக்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். நான் வாயைத் திறந்தேன். மதினி என் தோளை அழுத்தினார். உனக்காகத்தான் அவள் தொடவில்லை என்று அந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மிச்ச நாளெல்லாம் அவன் எந்த நிறத்தைப் பார்ப்பான்? சும்மா இருந்தேன். போகும்போது பழக் குலையைப் பிரித்து ஒவ்வொரு கட்டிலிலும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போனான். எனக்கும் வைத்தான். மிஸ்ஸி வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை அது அப்படியே கிடந்தது.

நான் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. தையல் பிரித்தாயிற்று, காயம் அழகாக மூடியிருக்கிறது என்று பெரிய டாக்டர் தன் கைவேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டார். கணவர் என் துணிமூட்டையோடு நின்றார், மதினியும் இருந்தார். கடைசியாக ஒருமுறை என்று பலகையை நீட்டினார்கள்.

அன்று எனக்கு உடம்பில் வலி அதிகம் இல்லை. உண்மையைச் சொன்னால் மஞ்சள்தான். நான் விரலைக் கறுப்பில் வைத்தேன். வைத்துவிட்டு எடுக்கவில்லை. கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை தானாகச் சட்டைப் பக்கம் போய், நெஞ்சைத் தொட்டுவிட்டு இறங்கியது.

டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மிஸ்ஸியைப் பார்த்தார். "இந்தக் காயத்துக்கு இது சாத்தியமில்லை. கோபத்தில் தொடுகிறார். இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்."

மிஸ்ஸி எழுதியதைப் பென்சிலால் குறுக்கே அடித்துவிட்டார்.

மதினி என் விரலைப் பிடித்து, தன் வெள்ளை முந்தானையால் துடைத்தார். மையைத் துடைப்பது போல் அழுத்தித் துடைத்தார். பிறகு அந்த முந்தானையைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

திரிஷா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் நானும் கணவரும் ஏறினோம். பள்ளம் மேடு பார்த்துப் போகச் சொல்லி ஓட்டுகிறவரிடம் பத்து முறை சொன்னார். ஜாலான் பெண்டஹாரா தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே தொட்டிருக்கலாமே சரசு. எனக்கு என்னா ஆயிருக்கும்?"

நான் அழுத அழுகையில் தையல் விட்டுவிடுமோ என்று அவர் பயந்துபோனார். லாரிக்காரரும் இதையேதான் சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் இன்னும் அதே லாரியை ஓட்டுகிறார். அந்த ரோட்டில் எத்தனையோ வண்டிகள் எரிந்தன, அவர் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளை அந்தப் பெண் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். மாரியம்மன் கோயிலில் அவரைக் காட்டிப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். வார்டில் இருந்த யாரோ சொல்லி, கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. "சாகுற வரைக்கும் கறுப்ப தொடலையாம். அதான் அந்த மனுஷன் உசுரோட இருக்காரு" என்கிறார்கள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் ஆபரேஷனுக்குப் போகிறவளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்காகச் சொல்கிறேன். ரொம்ப வலிக்கும், அம்மா. கேட்கிறவர்களிடம் வலிக்கிறது என்று சொல். எதைத் தொடச் சொன்னாலும் தொடு.

நான் கறுப்பைத் தொட்டவள். என் கணவர் உயிரோடுதான் இருக்கிறார். இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து, தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். கோயிலில் இதையும் சொல்லிப் பார்த்தேன். யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்டரும் சேர்க்கவில்லை.